பள்ளி வாசலிலிருந்து எத்தனை மீட்டர்?

2023ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி மலேசிய அரசு ஓர் அறிவிப்பை அரசிதழில் வெளியிட்டது. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து, மின்சிகரெட்டில் ஊற்றும் திரவ நிகோட்டினும் ஜெல் நிகோட்டினும் நீக்கப்பட்டன. நோக்கம் வரி வசூல். மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் வரி நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று சொல்லும் புதிய சட்டமோ 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதமும், பத்து வயதுப் பிள்ளை காசைக் கொடுத்து நிகோட்டின் வேப் வாங்கிக்கொண்டு போயிருந்தாலும், வயதைக் காட்டிக் கடைக்காரரைத் தண்டிக்க நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை.

அந்தப் பதினெட்டு மாதம் முடிந்துவிட்டது. ஆனால் வேப் கடைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பள்ளிப் பேருந்து நிற்கும் சாலையின் எதிர்வரிசையிலும், டியூஷன் மையத்துக்குக் கீழ்த்தளத்திலும், பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்கும் கடையை அடுத்தும் அவை இயங்குகின்றன. யாருக்கு விற்கக்கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. எங்கே விற்கக்கூடாது என்ற கேள்வி கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் உரக்கக் கேட்கப்படவில்லை.

கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இதே கேள்வி கஞ்சாக் கடைகளைப் பற்றி எழுந்திருக்கிறது. அங்கே கஞ்சா விற்பது உரிமம் பெற்ற வணிகம். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு அருகில் அந்தக் கடை இருக்கலாம் என்று சட்டம் போட்டு, மீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். மலேசியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா வைத்திருந்தால், அவர் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீக்கப்பட்டாலும், தூக்கு அல்லது பிரம்படியுடன் கூடிய ஆயுள் சிறை என்ற நிலை தொடர்கிறது.

அதனால் கஞ்சாவைப் பற்றிய கவலை நமக்கில்லை என்று பெற்றோர் நிம்மதியடைய முடியாது. மலேசியக் காவல்துறை கைப்பற்றிய வேப் திரவங்களில் செயற்கைக் கஞ்சா கலந்தவை பலமுறை சிக்கியிருக்கின்றன. இது செடியிலிருந்து வருவதல்ல. ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, பழவாசனைத் திரவத்தோடு கலந்து விற்கப்படுவது. இயற்கைக் கஞ்சாவின் வாடை அதில் வராது. பீடி, சிகரெட் என்றால் சட்டையை முகர்ந்து கண்டுபிடித்த காலம் உண்டு. மாம்பழ வாசனை வரும் பையனை எந்தத் தாய் சந்தேகிப்பாள்?

வடக்கே எல்லை தாண்டினால் நிலைமை இன்னும் சிக்கலானது. தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. கட்டுப்பாட்டுச் சட்டம் தயாராகும் முன்பே கடைகளுக்குக் கதவு திறந்துவிட்டார்கள். மலேசியக் குடும்பங்கள் விடுமுறைக்குப் போகும் ஹாட்யாய் உட்பட நாடெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட் பற்றி மலேசிய அதிகாரிகள் பயணிகளை எச்சரிக்க வேண்டியதாயிற்று. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று தாய்லாந்து திரும்பி வந்தது. கடையை முதலில் திறக்கவிட்டுப் பிறகு விதியை எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம் இது. நிகோட்டின் விஷயத்தில் மலேசியா செய்ததும் ஏறக்குறைய அதுவேதான்.

கடைக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பற்றிக் கிள்ளான் தமிழர்கள் கவலைப்படுவது இது முதல் முறையும் அல்ல.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. துரைகளுக்கு முன்னால் சைக்கிளில் இருந்து இறங்க மாட்டோம், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், மருத்துவ வசதி வேண்டும் என்று பட்டியல் நீண்டது. அதே பட்டியலில் இரண்டு கோரிக்கைகள் சேர்ந்து இருந்தன: பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

அந்த இரண்டும் ஒரே தாளில் இடம்பெற்றது தற்செயலாக நடந்ததல்ல. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஓர் ஒற்றைக் கொட்டகை. அதே தோட்டத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் இருந்தது. கூலி கையில் கிடைத்த அன்று மாலையே அதில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குப் போனது. கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுகிறோம் என்று அதிகாரிகள் நியாயம் சொன்னார்கள். தொழிலாளர்கள் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. குடிக்காதே என்று ஆளாளுக்குப் புத்தி சொல்வதைவிட, லயத்துக்குப் பக்கத்தில் கடையே இருக்கக்கூடாது என்று கேட்டார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள், பலர் சிறைப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியலைக் கையிலெடுத்தார்கள். 1947இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் அதுவும் காவல்துறையோடு மோதலில் முடிந்தது. இந்த வரலாற்றைத் தெரிந்த ஒருவருக்கு, பள்ளிக்கருகே போதைக் கடை கூடாது என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுக் கவலையாகத் தெரியாது. கிள்ளான் மண்ணில் தோட்டத் தொழிலாளிகள் உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட ஒன்று அது.

பிறகு தோட்டங்களே போய்விட்டன. எழுபதுகள் தொடங்கிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் நிலங்கள் விற்கப்பட்டு, தாமான்களும் தொழிற்பேட்டைகளும் கடைவீட்டு வரிசைகளும் எழுந்தன. தொழிலாளர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு மாறினார்கள். பெயரில் தோட்டத்தைத் தாங்கிய பல தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி இன்று ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. பள்ளி நகரத்துக்கு வரவில்லை, நகரம் வந்து பள்ளியைச் சூழ்ந்துகொண்டது. பள்ளி வேலியை ஒட்டி எந்தக் கடை வரும் என்று பள்ளி வாரியத்தையோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையோ யாரும் கேட்டதில்லை. நிலத்தின் வகை வணிகம் என்றால் கடை வரலாம், அவ்வளவுதான்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நிலைமை வேறு விதம். அது தோட்டம் அல்ல, ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பழைய பட்டணப் பகுதி. விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, விவேகானந்தா ஆசிரமம், கந்தசுவாமி கோயில், பௌத்த விகாரை, தேவாலயங்கள், பார்வையற்றோருக்கான நிலையங்கள், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் எல்லாமே நடை தூரத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. இங்கே ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டால், வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். பெரிய தூரத்தைச் சட்டமாக்கினால் கடைக்கு இடமே இருக்காது என்று வணிகர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கிள்ளானின் புறநகர்த் தாமானுக்குப் பொருந்தும் அளவு, இங்குள்ள துன் சம்பந்தன் சாலைக்குப் பொருந்தாமல் போகலாம்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வு 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் நடத்தப்பட்டது. 2017இல் அவர்களில் 9.8 விழுக்காட்டினர் மின்சிகரெட் பயன்படுத்தினார்கள். 2022இல் அது 14.9 விழுக்காடு. அதே ஐந்தாண்டில் சாதாரண சிகரெட் பிடிக்கும் மாணவர்கள் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காட்டுக்குக் குறைந்தார்கள். சிகரெட் ஒழிகிறது என்று மகிழ்வதற்குள், அது விட்டுப்போன இடத்தை வேப் நிரப்பிவிட்டது. இந்த 14.9 விழுக்காடு, நிகோட்டினை நச்சுப்பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முந்தைய கணக்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த வயதில் நிகோட்டின் செய்யும் வேலை பெரியவர்களுக்குச் செய்வதைப் போன்றதல்ல. மனித மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, விளைவை எண்ணிப் பார்ப்பது ஆகியவற்றுக்கான முன்பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. நிகோட்டின் சில நொடிகளில் மூளையைத் தொட்டு, இன்ப உணர்வைத் தரும் டோபமினைச் சுரக்கச் செய்கிறது. வளரும் மூளை அதற்குச் சீக்கிரம் பழகிக்கொள்கிறது. கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யும் அதே வளரும் மூளையில்தான் கைவைக்கிறது. கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானபோது ஒண்டாரியோ மாநிலம் 19 வயதை எல்லையாக வைத்ததும், பள்ளியிலிருந்து தூரம் வேண்டும் என்று சொன்னதும் இந்தக் கவலையால்தான்.

ஒண்டாரியோவின் அனுபவம் மலேசியத் தமிழர்களுக்குப் பயன்படும், ஏனென்றால் அங்கே அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்பவர்களில் நம்மவர்களும் ஏராளம். கனடா 2018 அக்டோபர் 17ஆம் தேதி கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. ஒண்டாரியோவில் தனியார் கஞ்சாக் கடைகள் 2019 ஏப்ரலில் திறந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டருக்குள் கடை இருக்கக்கூடாது என்பது விதி. அதற்கு முன்பாக, எங்கள் ஊரில் கடையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள ஒவ்வொரு நகர மன்றத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். தமிழர்கள் அடர்ந்து வாழும் ஸ்கார்பரோ, டொராண்டோ மாநகரின் பகுதி என்பதால் அங்கே கடைகள் வந்தன. அதை ஒட்டிய மார்க்கம் நகர மன்றம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அங்கும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். சாலையின் இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி. முடிவெடுத்தது அந்தந்த ஊரின் மன்றம்.

150 மீட்டர் என்பது நடந்தால் இரண்டு நிமிடம். அல்பர்ட்டா மாநிலத்தில் அது 100 மீட்டர். கலிபோர்னியாவில் 600 அடி, அதாவது ஏறத்தாழ 183 மீட்டர். இந்தியாவில் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட் விற்பதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டின் மதுவிற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும் மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள்ளும் டாஸ்மாக் கடை இருக்கக்கூடாது. அந்த விதி இருந்தும், வணிகப் பகுதி என்ற விதிவிலக்கைக் காட்டிப் பல கடைகள் தப்பித்துக்கொண்டன. பெண்களும் மாணவர்களும் ஊருக்கு ஊர் மறியல் செய்த பிறகுதான் பல கடைகள் இடம் மாறின. 2023 ஜூன் 22ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 500 டாஸ்மாக் கடைகளை மூடியது. விதிவிலக்கு எழுதும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைத் தமிழ்நாடு காட்டுகிறது.

எப்படி அளப்பது என்பதும் சாதாரண விஷயமல்ல. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளக்கலாம், பிள்ளை நடக்கும் பாதையைப் பின்பற்றியும் அளக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையும் ஆறும் குறுக்கே ஓடுகின்றன. நேர்க்கோட்டில் நூறு மீட்டரில் இருக்கும் ஒரு கடைக்கு, நடந்து போனால் பாலம் ஏறி இறங்கி அரை மணி நேரம் ஆகலாம். எந்தப் பள்ளி வாசலிலிருந்து அளப்பது என்பது அடுத்த கேள்வி. முகவரியில் உள்ள முன்வாசல் ஒரு சாலையில் இருக்கும். வேன்களும் பெற்றோரின் கார்களும் நிற்கும் பக்கவாசல் கடைவீட்டு வரிசைக்கு எதிரே இருக்கும். முன்வாசலிலிருந்து அளந்தால் கடை தொலைவில் இருப்பதாகக் கோப்பில் பதிவாகும். பிள்ளைகளோ தினமும் அதன் முன்னால்தான் வேனுக்குக் காத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் உள்ளூர்ப் பெற்றோர் அறிவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளைகளின் நாள் பள்ளி மணியோடு முடிவதில்லை. பிற்பகலில் டியூஷன். டியூஷன் மையங்கள் பெரும்பாலும் கடைவீடுகளின் முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும்தான் இயங்குகின்றன. கீழே ஒட்டுக்கடை, கைப்பேசிக் கடை, முடிதிருத்தகம், வேப் கடை. இரண்டு வகுப்புகளுக்கு இடையில் கிடைக்கும் அரை மணி நேரத்தைப் பிள்ளைகள் அந்த அஞ்சடியில்தான் கழிக்கிறார்கள். பள்ளியிலிருந்து மட்டும் தூரத்தை அளக்கும் சட்டம் இந்த அரை மணி நேரத்தைத் தொடவே தொடாது. ஒண்டாரியோவின் 150 மீட்டர் விதியிலும் இதே ஓட்டை இருக்கிறது: அது பள்ளிகளைப் பாதுகாக்கிறது, குழந்தைக் காப்பகங்களையும் பூங்காக்களையும் விட்டுவிடுகிறது.

வேப் கடை ஒன்றின் முன்னால் நின்று பார்த்தால், அது யாரை அழைக்கிறது என்பது புரியும். கதவுக்கு மேல் ஊதாவும் பச்சையுமாக நியான் விளக்கு. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் வண்ண வண்ணக் கருவிகள். சில நெடுஞ்செவ்வக யுஎஸ்பி போலவும், சில கோடு போடும் ஹைலைட்டர் பேனா போலவும், சில பழச்சாறுப் பெட்டி போலவும், விளையாட்டுப் பொம்மை போலவும் இருக்கும். புத்தகப்பையில் போட்டால் கட்டொழுங்கு ஆசிரியர்கூட முதல் பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. சுவைகள் மாம்பழம், திராட்சை, சிரப் பண்டுங், ஐஸ்கிரீம். நாற்பது வயதுக்காரர் சிகரெட்டை விட்டுவிட இவ்வளவு பொம்மையும் இனிப்பும் தேவையா?

1941இல் கேட்ட கேள்வியின் நியாயம் இங்கேதான் தெளிவாகிறது. 18 வயது விதி கடைக்காரரின் கல்லாவுக்கு முன்னால்தான் வேலை செய்யும். அதற்கு முன்பே நடந்துவிடும் விஷயங்கள் பல. தினமும் கண்ணில் படுவது, பெயர்கள் பழகுவது, சீருடையைக் கழற்றிவிட்டு வந்த மூன்றாம் படிவ அண்ணன் உள்ளே போய் வருவதைப் பார்ப்பது, இது சாதாரணம் என்று மனம் ஒப்புக்கொள்வது. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ நுழையும் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தெரியாத பள்ளி, மாறிய பயிற்றுமொழி, புதிய நண்பர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவனாகச் சேர்ந்துகொள்ள எதையும் செய்து பார்க்கும் வயது அது. அந்த வயதில் கடை இரண்டு நிமிட நடையில் இருப்பதும் இருபது நிமிட நடையில் இருப்பதும் ஒன்றல்ல.

எதிர்த்தரப்பின் வாதங்களைக் கேட்காமல் போகக்கூடாது. சிகரெட்டை விட முயலும் பெரியவர்களுக்கு நிகோட்டின் வேப் உதவுகிறது என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கைகளும் அதைச் சொல்கின்றன. வேப் கடை நடத்துபவர்களில் பலர் சிறு முதலீட்டில் தொடங்கிய இளைஞர்கள், அவர்கள் வரி கட்டுகிறார்கள், உரிமம் வைத்திருக்கிறார்கள். மேலும், பிள்ளைகளில் பலருக்கு வேப் கிடைப்பது கடையிலிருந்தே அல்ல. மூத்த மாணவர்கள் வழியாகவும் கைப்பேசிக் குழுக்கள் வழியாகவும் வருகிறது. கடையின் தூரத்துக்கும் பிள்ளைகளின் பழக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

இவை எல்லாம் தூரத்தைப் பற்றிக் கவனமாக விதி எழுத வேண்டும் என்பதற்குக் காரணங்கள். விதியே வேண்டாம் என்பதற்கு அல்ல. சிகரெட்டை விட விரும்பும் பெரியவர் இன்னும் இருநூறு மீட்டர் நடந்தால் அவருடைய முயற்சி கெட்டுவிடாது. உரிமம் உள்ள வணிகரை ஒரே நாளில் வெளியேற்ற வேண்டியதில்லை, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இடம் மாற அவகாசம் தரலாம். மூத்த மாணவன் ஒருவன் பத்துப் பேருக்கு வாங்கிக் கொடுக்கிறான் என்றால், அவன் வாங்கும் கடை பள்ளி மதிலுக்கு எதிரே இருப்பது அவனுடைய வேலையை எளிதாக்குகிறது. தூர விதி நோயை முழுக்கக் குணமாக்காது. பிள்ளைகளுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு தடையை நிறுத்தும், அதுவே போதிய காரணம்.

இதற்கு முன்னுதாரணம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. 2020 நவம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் மதுவிற்பனைக்கான புதிய வழிகாட்டிகளை அறிவித்தது. மளிகைக்கடைகளிலும் சீன மருந்துக்கடைகளிலும் கடும் மது விற்பதை நிறுத்த வேண்டும் என்றது. காவல் நிலையம், வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு நேர் எதிரே மது விற்கும் கடை இருக்கக்கூடாது என்றும் சொன்னது. நேர் எதிரே என்பது குறைந்த பாதுகாப்புத்தான். ஆனாலும் இடத்தை வைத்து விதி எழுதலாம், அது மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்பதை அந்த அறிவிப்பு ஒப்புக்கொண்டது. மதுவுக்குப் பொருந்தும் அந்த நியாயம் நிகோட்டினுக்குப் பொருந்தாமல் போவது எப்படி?

கிள்ளானின் கையில் இன்னும் வலுவான சட்டம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, எந்த உரிமத்துக்கும் தகுந்த நிபந்தனைகளை விதிக்க ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. எந்த நேரத்திலும் காரணம் கூறாமலேயே உரிமத்தைத் திரும்பப் பெறவும் அந்தப் பிரிவு இடமளிக்கிறது. 2024 பிப்ரவரியில் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளான், இந்தப் பிரிவைப் பயன்படுத்த நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மற்ற மாநிலங்கள் இதைவிடத் தூரம் போய்விட்டன. கிளந்தான் 2015இலும் ஜொகூர் 2016இலும் வேப் விற்பனையைத் தடுத்தன. பெர்லிசும் திரங்கானுவும் 2025 ஆகஸ்டில் அதே வழியில் சென்றன. மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த மசோதா, 2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து பிறந்தவர்கள் வாழ்நாள் முழுக்கப் புகைப்பொருள் வாங்கவே முடியாது என்று சொன்னது. அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவுக்கு அது முரணாகும் என்ற சட்டக் கருத்துக்குப் பிறகு, அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத்தான் இன்றைய சட்டம் நிறைவேறியது. முழுத் தடை குறித்து ஆராய்வதாகச் சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அஹ்மாட் 2025இல் கூறினார். தடை வருமா, எப்போது வரும் என்பது அரசியல். அதுவரை பள்ளிக்கு எதிரே உள்ள கடையைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது என்பது சாக்குப்போக்கு.

ஊராட்சி மன்றங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பிள்ளைகள் பயன்படுத்தும் எல்லா வாசல்களிலிருந்தும், நடக்கும் பாதை வழியே அளந்து ஒரு தூரத்தை நிர்ணயிக்கலாம். புறநகர்த் தாமான்களுக்கு 200 மீட்டர், பிரிக்பீல்ட்ஸ் போன்ற நெருக்கமான பகுதிகளுக்குக் குறைந்த தூரம் என்று வேறுபடுத்தலாம். பதிவுபெற்ற டியூஷன் மையம் இயங்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தையும் பாலர்பள்ளிகளின் சுற்றுப்புறத்தையும் விதிக்குள் கொண்டு வரலாம். நியான் விளக்கையும் பொம்மை வடிவ விளம்பரத்தையும் அஞ்சடியிலிருந்து அகற்றச் சொல்லலாம். உரிமம் பெற்ற கடைகளின் பட்டியலையும் முகவரிகளையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடலாம்.

வணிக உரிமங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன. ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு இருக்கிறது. புதுப்பிக்கும் காலத்துக்கு முன்பே மன்றத்தின் உரிமப் பிரிவுக்குக் கடிதம் எழுத வேண்டும். கிள்ளானில் அதன் நகல் அந்த வட்டார மன்ற உறுப்பினருக்கும் போக வேண்டும். கிள்ளானில் சட்டமன்ற உறுப்பினருக்கும், கோலாலம்பூரில் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சேர்த்து அனுப்பலாம். கடிதத்தில் உபதேசம் தேவையில்லை. கடையின் முகவரி, பிள்ளைகள் வெளியேறும் வாசலிலிருந்து அதுவரை நடந்து அளந்த தூரம், பள்ளி விடும் நேரத்தில் சாலையிலிருந்து எடுத்த ஒரு புகைப்படம், உரிமத்துக்கு எந்த நிபந்தனையை விதிக்கக் கேட்கிறோம் என்ற ஒரு வரி ஆகிய நான்கும் இருந்தால், அதிகாரி அதற்கு எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டிய நிலை உருவாகும். ஒரு பள்ளி தனியாக எழுதினால் கோப்பில் தூங்கலாம். ஒரே வட்டாரத்தின் தமிழ், சீன, தேசியப் பள்ளிகளின் சங்கங்கள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால், மன்றத்தின் மாதக் கூட்டத்தில் அது நிகழ்ச்சி நிரலாகும்.